அமிகாவா? அட்டாரியா? - ஒரு பழைய சண்டையின் வரலாறு

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கப் போகிற வீடுகளில் ஒரு வாக்குவாதம் கட்டாயம் நடக்கும். கேம்ஸ் விளையாட எது நல்லது? படம் வரைய, இசை அமைக்க, வீடியோ எடிட் செய்ய எது நல்லது? இரண்டுக்கும் ஒரே பெட்டி போதுமா? கொடுக்கிற காசுக்கு எத்தனை வருடம் உழைக்கும்? இன்று இந்த வாக்குவாதம் விண்டோஸ், மேக் என்ற பெயர்களில் நடக்கிறது. சுமார் நாற்பது வருடங்களுக்கு முன்னால் இதே வாக்குவாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறு இரண்டு பெயர்களில் நடந்தது. ஒன்று கமடோர் நிறுவனத்தின் அமிகா. மற்றொன்று அட்டாரி எஸ்டி.

அந்தச் சண்டையில் ஜெயித்தது யார் என்று கேட்டால் பதில் கொஞ்சம் வேடிக்கையானது. இரண்டு பேருமே தோற்றார்கள்! அதுவும் மோசமான பொருளைத் தயாரித்ததால் தோற்கவில்லை. அப்படியானால் நல்ல பொருள் எப்படித் தோற்றது? அதை நம்பிப் பணம் போட்டவர்களின் கதி என்ன ஆனது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டைப்ரைட்டர் ரிப்பேர் செய்தவர்

கதை ஜாக் டிராமியல் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. 1928-ல் போலந்தில் பிறந்த யூதர். ஆஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து உயிர் தப்பியவர். போர் முடிந்தபின் அமெரிக்கா வந்து, ராணுவத்தில் சேர்ந்து, டைப்ரைட்டர் ரிப்பேர் செய்யக் கற்றுக்கொண்டார். பின்னர் அதையே தொழிலாக ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து கமடோர் ஆனது.

1970-களில் கமடோர் கால்குலேட்டர் விற்றது. அதற்கான சிப்புகளை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸிடம் வாங்கியது. ஒரு கட்டத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸே கால்குலேட்டர் விற்பனையில் இறங்கி விலையை அடியோடு குறைத்துவிட்டது. சிப் விற்பவனே போட்டிக்கு வந்தால் என்ன செய்வது? டிராமியல் அடிபட்டுக் கற்ற பாடம் இது. 1976-ல் அவர் மாஸ் டெக்னாலஜி என்ற சிப் நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். வணிகவியல் பாடப்புத்தகத்தில் செங்குத்து ஒருங்கிணைப்பு என்று வரும் விஷயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

இந்த பலத்தில்தான் 1982-ல் கமடோர் 64 வந்தது. ஆரம்ப விலை 595 டாலர். சிப் சொந்தத் தயாரிப்பு என்பதால் அடுத்த வருடமே 200 டாலருக்குப் பக்கத்தில் இறக்க முடிந்தது. ஒரே மாடலாக உலகத்தில் அதிகம் விற்ற கம்ப்யூட்டர்களில் அதற்கு முதலிடம் கொடுப்பார்கள்.

ஆனால் 1984 ஜனவரியில் கமடோர் தலைவர் இர்விங் கூல்டுடன் மோதல் ஏற்பட்டு டிராமியல் வெளியேறினார். தானே உருவாக்கிய கம்பெனியிலிருந்து! சும்மா இருக்கிற ஆளா அவர்? அதே வருடம் ஜூலையில், நஷ்டத்தில் தத்தளித்துக் கொண்டிருந்த அட்டாரியின் வீட்டு கம்ப்யூட்டர் மற்றும் வீடியோ கேம் பிரிவை வார்னர் நிறுவனத்திடமிருந்து வாங்கிவிட்டார். நேற்று வரை கமடோர் முதலாளி, இன்று கமடோரின் எதிரி.

ஐந்து லட்சம் டாலர் கடன்

இதே சமயத்தில் கலிபோர்னியாவில் இன்னொரு சின்ன கம்பெனி திண்டாடிக் கொண்டிருந்தது. பெயர் அமிகா. அதன் முக்கிய வடிவமைப்பாளர் ஜே மைனர். இவர் முன்பு அட்டாரியில் வேலை பார்த்தவர். அட்டாரி 2600 கேம் மெஷின், அட்டாரி 800 கம்ப்யூட்டர் ஆகியவற்றின் சிப்புகளில் இவருடைய உழைப்பு உண்டு.

படம் காட்ட ஒரு சிப், ஒலிக்கு ஒரு சிப், நினைவகத்தில் தரவுகளை வேகமாக நகர்த்த ஒரு சிப் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் முக்கிய பிராசசர் ஓய்வாக வேறு வேலை பார்க்கலாம் என்பது மைனரின் யோசனை. யோசனை அருமை, கையில்தான் காசில்லை. 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்ததால் முதலீட்டாளர்கள் கேம் என்ற வார்த்தையைக் கேட்டாலே ஓடினார்கள்.

அந்த நேரத்தில் வார்னர் வசமிருந்த அட்டாரி 5 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. 1984 ஜூன் மாத இறுதிக்குள் திருப்பித் தராவிட்டால் சிப் தொழில்நுட்பம் அட்டாரிக்குச் சொந்தமாகிவிடும் என்பது நிபந்தனை. கெடு முடிகிற கடைசி நேரத்தில் கமடோர் உள்ளே நுழைந்து பணம் கொடுத்தது. கடன் அடைக்கப்பட்டது. ஆகஸ்ட் மாதம் கமடோர் அமிகா கம்பெனியையே வாங்கிவிட்டது.

அட்டாரியைக் கைப்பற்றிய டிராமியல் பழைய பத்திரங்களைப் புரட்டியபோது இந்தக் கடன் ஒப்பந்தம் கண்ணில் பட்டது. உடனே வழக்கு போட்டார். அது 1987-ல் தான் சமரசத்தில் முடிந்தது.

இப்போது நிலைமையைக் கவனியுங்கள். முன்னாள் அட்டாரி ஆட்கள் உருவாக்கிய மெஷின் கமடோரிடம். கமடோரை உருவாக்கிய ஆள் அட்டாரியில். கம்பெனிகளின் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் உண்மையில் யாரிடம் வாங்குகிறோம் என்றே அறியாமல் வாங்கினார்கள்!

இரண்டு பெட்டிகள்

டிராமியல் எப்போதும் போல அவசரக்காரர். ஷிராஸ் ஷிவ்ஜி தலைமையில் வேலை நடந்தது. சில மாதங்களிலேயே 1985 ஜனவரியில் மாதிரி தயார். அந்த வருட நடுவில் அட்டாரி 520எஸ்டி விற்பனைக்கு வந்தது. 512 கிலோபைட் நினைவகம், 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மோட்டோரோலா 68000 பிராசசர். கறுப்பு வெள்ளை மானிட்டருடன் 799 டாலர், கலர் மானிட்டருடன் 999 டாலர். ஒரு வருடம் முன்பு வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் இதே பிராசசருடன், கறுப்பு வெள்ளைத் திரையுடன், வெறும் 128 கிலோபைட் நினைவகத்துடன் 2,495 டாலருக்கு விற்றது. வித்தியாசத்தை நீங்களே கணக்கு போட்டுக் கொள்ளுங்கள்.

அமிகா 1985 ஜூலை 23 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில் பெரிய விழாவாக அறிமுகமானது. புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹால் மேடையில் உட்கார்ந்து பாடகி டெபி ஹாரியின் முகத்தை அமிகாவில் வரைந்து வண்ணம் தீட்டினார். அதே 68000 பிராசசர்தான். ஆனால் கூடவே மைனர் குழுவின் சிறப்பு சிப்புகள். 4,096 நிறங்கள், ஸ்டீரியோவில் நான்கு ஒலித் தடங்கள், ஒரே நேரத்தில் பல புரோகிராம்களை ஓட்டும் வசதி. அன்றைய ஐபிஎம் பிசியில் சாதாரண கிராபிக்ஸ் கார்டு போட்டால் நான்கு நிறம், ஒலி என்றால் பீப் சத்தம். அமிகா 1000-ன் விலை 1,295 டாலர், மானிட்டர் தனி. பெட்டி மூடியின் உட்புறத்தில் குழுவினர் எல்லோருடைய கையெழுத்தும் அச்சாகியிருந்தது. மைனருடைய நாயின் பாதச் சுவடு உட்பட!

ஆக, வாங்குபவர் முன்னால் இரண்டு வழிகள். காசு குறைவு, வேகம் போதும் என்றால் அட்டாரி. படமும் ஒலியும் முக்கியம், கூடுதல் பணம் உண்டு என்றால் அமிகா.

ஆனால் கமடோர் இங்கே ஒரு தவறு செய்தது. அமிகா யாருக்கான மெஷின் என்பதை அவர்களால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஆபீசுக்கா, வீட்டுக்கா, ஓவியருக்கா? விளையாட நன்றாக இருக்கிறது என்று பெயர் வந்தாலே ஆபீஸ்காரர்கள் அது பொம்மை என்று ஒதுக்கினார்கள். விற்பனை சூடு பிடித்தது 1987-ல் கீபோர்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கிய மலிவான அமிகா 500 வந்த பிறகுதான். டிவியில் இணைத்துக்கூட ஓட்டலாம். குறிப்பாக பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அது அமோகமாக விற்றது. 1989-ல் பேட்மேன் கேமையும் சேர்த்து 399 பவுண்டுக்கு ஒரே பெட்டியாகக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியில் டீலக்ஸ் பெயிண்ட் என்ற ஓவிய மென்பொருளும் இருந்தது. பிள்ளைகள் விளையாட்டுக்காகக் கேட்டார்கள், பெற்றோர் படிப்புக்கு ஆகும் என்று நினைத்து வாங்கினார்கள். எல்லா ஊரிலும் கதை ஒன்றுதான் போலிருக்கிறது.

ஓவியருக்கு ஒன்று, இசைக்காரருக்கு ஒன்று

டீலக்ஸ் பெயிண்ட் 1985-ல் டான் சில்வா எழுதி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. பின்னர் பிசிக்கும் வந்தது. 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த எத்தனையோ கேம்களின் படங்கள் இதில் வரையப்பட்டவையே. ஒவ்வொரு புள்ளியாக நிறம் வைத்து வரையும் கலையை ஒரு தலைமுறை இதில்தான் பழகியது.

அட்டாரி எஸ்டியின் ஒலி சிப் மிகச் சாதாரணம். மூன்றே தடங்கள், அதுவும் பீப் பீப் வகை. ஆனால் இசைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போனது அட்டாரியிடம்தான். இது எப்படி? பெட்டியின் பக்கவாட்டில் இருந்த இரண்டு ஓட்டைகள்தான் காரணம். மிடி போர்ட்.

மிடி என்பது கீபோர்டு, சிந்தசைசர், டிரம் மெஷின் போன்ற மின்னணு வாத்தியங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1983-ல் வந்த பொது மொழி. மற்ற கம்ப்யூட்டர்களில் இதற்குத் தனியாக ஒரு கருவி வாங்கி இணைக்க வேண்டும். எஸ்டியில் பிறக்கும்போதே இருந்தது. ஒலியை வாத்தியமே எழுப்பிக்கொள்ளும், எந்த ஸ்வரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்று சொல்வது மட்டும் கம்ப்யூட்டரின் வேலை. எனவே உள்ளே இருக்கும் ஒலி சிப் மட்டமாக இருந்தாலும் கவலையில்லை. கூடவே 640க்கு 400 புள்ளிகள் கொண்ட தெளிவான கறுப்பு வெள்ளை மானிட்டர். ஹாம்பர்க் நகரத்து ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1989-ல் க்யூபேஸ் மென்பொருளை முதலில் வெளியிட்டது இந்த எஸ்டிக்குத்தான். சி-லேப் நிறுவனத்தின் நோட்டேட்டரும் எஸ்டியில்தான் பிறந்தது. ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் புகழ்பெற்ற நார்மன் குக், அட்டாரி கம்ப்யூட்டர் தயாரிப்பை நிறுத்திப் பல வருடங்கள் ஆன பிறகும் எஸ்டியை விடாமல் இசையமைத்தவர்.

அமிகாவிலும் இசை இருந்தது, ஆனால் வேறு வகை. 1987-ல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய சவுண்ட்டிராக்கர், பதிவு செய்த சிறு சிறு ஒலித்துண்டுகளை அமிகாவின் நான்கு தடங்களில் அடுக்கி முழுப் பாட்டாக்கியது. சிந்தசைசர் வாங்கக் காசில்லாத பையன்கள் வீட்டில் உட்கார்ந்தே இசையமைத்து ஃப்ளாப்பியில் பரிமாறிக் கொண்டார்கள். அட்டாரியை வாங்கியவர் ஸ்டூடியோவில் வேலை செய்பவர், அமிகாவை வாங்கியவர் படுக்கையறையில் பாட்டுக் கட்டும் மாணவர் என்று பொதுவாகச் சொல்லலாம்.

விளையாட்டுக் களம்

விளையாட்டில் அமிகாவின் கைதான் ஓங்கியிருந்தது. 1986-ல் வந்த டிஃபெண்டர் ஆஃப் தி கிரவுன் படங்களைப் பார்த்து அன்றைய மக்கள் வாயைப் பிளந்தார்கள். 1989-ல் வந்த ஷேடோ ஆஃப் தி பீஸ்ட், பின்னணிக் காட்சிகளைப் பல அடுக்குகளாக வெவ்வேறு வேகத்தில் நகர்த்திக் காட்டியது. இதெல்லாம் அந்தச் சிறப்பு சிப்புகளின் கைவண்ணம்.

அதற்காக அட்டாரி சும்மா இருக்கவில்லை. டஞ்சன் மாஸ்டர் 1987-ல் முதலில் வந்தது எஸ்டிக்குத்தான். அதே வருடம் மிடி மேஸ் என்று ஒரு கேம் வந்தது. இசைக்காக வைத்த மிடி போர்ட் வழியாக 16 எஸ்டிகளை வட்டமாக இணைத்து, புதிர்ப்பாதைக்குள் ஒருவரையொருவர் சுட்டு விளையாடலாம். இன்றைய லேன் கேம்களின் தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்த மெஷின்களை நம்பி வாழ்க்கையைப் பணயம் வைத்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டைமக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ், வேலையை விட்டபோது கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் ஒரு அமிகா வாங்கினார். அந்தப் பணத்தை வங்கியில் போட்டிருக்கலாம். நண்பர்களுடன் சேர்ந்து டிஎம்ஏ டிசைன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1991-ல் அமிகாவில் லெம்மிங்ஸ் வந்து சக்கைப்போடு போட்டது. அதே நிறுவனம்தான் 1997-ல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவைத் தந்தது. இன்றைய ராக்ஸ்டார் நார்த் அதன் வாரிசு.

தொலைக்காட்சிக்குள் புகுந்த அமிகா

அமிகாவின் திரை அலைவரிசை டிவி சிக்னலோடு பொருந்தும்படி அமைக்கப்பட்டிருந்தது. எனவே வீடியோவின் மேல் எழுத்தும் படமும் போடுவது அதற்கு எளிது. இதைப் பயன்படுத்தி கன்சாஸ் மாநிலத்து நியூடெக் நிறுவனம் 1990-ல் வீடியோ டோஸ்டர் என்ற கார்டை வெளியிட்டது. அமிகா 2000-க்குள் செருகினால் அது ஒரு சிறிய டிவி ஸ்டூடியோ ஆகிவிடும். காட்சி மாற்றம், தலைப்பு எழுத்துகள், லைட்வேவ் என்ற முப்பரிமாண மென்பொருள் எல்லாம் ஒன்றாக 2,399 டாலருக்கு. அதுவரை இந்த வேலைகளுக்குத் தனித்தனியாகப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. உள்ளூர் டிவி நிலையங்களும் கல்யாண வீடியோ எடுப்பவர்களும் இதை வாங்கினார்கள். 1993-ல் ஒளிபரப்பான பாபிலோன் 5 தொடரின் முதல் படத்தில் விண்கலங்களை உருவாக்கியது இந்த அமிகாக்களே.

எங்கே சறுக்கியது?

இத்தனை பெருமையும் இருந்து ஏன் தோற்றது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதல் காரணம், எதிரி பக்கத்து வீட்டில் இல்லை. அமிகாக்காரர்களும் அட்டாரிக்காரர்களும் பத்திரிகைகளில் ஒருவரையொருவர் திட்டிக் கொண்டிருந்தபோது ஐபிஎம் பிசி மெதுவாக வளர்ந்தது. பிசியை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்ற நிலையை காம்பாக் போன்ற நிறுவனங்கள் 1983 முதலே உருவாக்கிவிட்டன. 1987-ல் விஜிஏ வந்தது, ஒரே திரையில் 256 நிறம். 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்டது. பிசியின் குறைகளை ஐபிஎம் தீர்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கம்பெனி படத்தைச் சரிசெய்தது, இன்னொன்று ஒலியைச் சரிசெய்தது. போட்டியால் விலையும் இறங்கியது. அமிகாவில் குறை இருந்தால் கமடோர் ஒருவர்தான் சரிசெய்ய வேண்டும். கமடோரோ மைனர் குழு கொடுத்த அதே சிப்புகளைச் சிறு மாற்றங்களுடன் ஏழு வருடங்கள் ஓட்டியது. அடுத்த தலைமுறை சிப்புகளுடன் அமிகா 4000, அமிகா 1200 வந்தது 1992-ன் கடைசியில்தான்.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. அமிகா படத்தை நினைவகத்தில் பல தளங்களாகப் பிரித்து வைக்கும். 32 நிறம் வேண்டுமென்றால் ஐந்து தளங்கள். ஒரு புள்ளியின் நிறத்தை மாற்ற ஐந்து இடங்களைத் தொட வேண்டும். நினைவகம் தங்கம் விலை விற்ற 1985-ல் இது புத்திசாலித்தனம். பக்கவாட்டில் நகரும் கேம்களுக்கும் மிகப் பொருத்தம். ஆனால் பிசியின் விஜிஏவில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட், அவ்வளவுதான். திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டிய முப்பரிமாண கேம்களுக்கு அதுதான் வசதி.

1993 டிசம்பர் 10 அன்று டூம் வெளியானது. முதல் பகுதி இலவசம், பிடித்திருந்தால் மீதியை வாங்கலாம். அன்றோடு நிலைமை தலைகீழ். பிசி ஆபீஸ் மெஷின் என்று கிண்டல் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அமிகாவைப் புகழ்பெறச் செய்த அதே வடிவமைப்பு, எட்டு வருடம் கழித்து அதன் காலில் விலங்கானது.

இதில் இன்னொரு சுவாரசியம். டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் அதை எழுதியது பிசியில் அல்ல, ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில். விற்றது மட்டும் டாஸ் பிசிக்கு. உருவாக்க வசதியானது எதுவோ அதில் உருவாக்கு, மக்கள் கையில் இருப்பது எதுவோ அதற்கு விற்பனை செய் என்று படைப்பவர்கள் தெளிவாக இருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் சண்டை போட்டது ரசிகர்கள்தான்.

கடை மூடியது

அட்டாரி 1992-ல் ஃபால்கன் என்ற நல்ல கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து, சீக்கிரமே கம்ப்யூட்டர் தொழிலைக் கைவிட்டு ஜாகுவார் கேம் மெஷினில் இறங்கியது. அதுவும் ஓடவில்லை. 1996-ல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து மறைந்தது.

கமடோர் 1994 ஏப்ரல் 29 அன்று திவாலானதாக அறிவித்தது. இரண்டு மாதத்தில், ஜூன் 1994-ல் ஜே மைனரும் காலமானார். அமிகாவின் உரிமை 1995-ல் ஜெர்மனியின் எஸ்காமிடம் போனது, அதுவும் 1996-ல் திவால். 1997-ல் கேட்வே வாங்கியது. ஒவ்வொரு முறையும் பழைய வாடிக்கையாளர்கள் இனி நல்ல காலம் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை.

வாங்கியவர்கள் கணக்கு

இப்போது முதலில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

ஒரு கம்ப்யூட்டரின் விலை கடையில் கொடுக்கும் தொகை மட்டுமல்ல. அதற்கு வாங்கும் மென்பொருள், கூடுதல் கார்டு, பழகுவதற்குச் செலவழித்த மாதங்கள், அதில் சேர்த்து வைத்த வேலை எல்லாமே முதலீடுதான். கணக்கியலில் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் எழுதுவோம். ஆனால் கம்பெனி மூடிய அன்று மொத்த முதலீடும் ஒரே நாளில் தேய்ந்துவிடுகிறது. வேறு தளத்துக்கு மாறும் செலவு அப்போதுதான் முழுசாகத் தெரிகிறது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு நஷ்டமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எஸ்டியில் இசையமைத்தவர்களின் பாடல்கள் மிடி என்ற பொதுத் தரத்தில் இருந்தன. வாத்தியங்கள் அப்படியே இருந்தன. க்யூபேஸ் மேக்குக்கும் பிசிக்கும் வந்ததால் பழகிய கையோடு மாறிக்கொண்டார்கள். நோட்டேட்டரை எழுதியவர்கள் பிரிந்து சென்று தொடங்கிய இமேஜிக் நிறுவனம், லாஜிக் என்ற மென்பொருளை மேக்குக்கும் பிசிக்கும் விற்றது. 2002-ல் ஆப்பிள் இமேஜிக்கை வாங்கி, விண்டோஸ் லாஜிக்கை நிறுத்திவிட்டது. பிசியில் லாஜிக் வைத்திருந்தவர்கள் மேக் வாங்கு அல்லது வேறு மென்பொருள் பழகு என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். இத்தனைக்கும் ஆப்பிளும் மூடவில்லை, மைக்ரோசாஃப்டும் மூடவில்லை! பெரிய தளத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆபத்தில்லை என்ற எண்ணமும் தவறு என்பதற்கு இது சாட்சி.

வீடியோக்காரர்களுக்கு லைட்வேவ் பிசிக்கு வந்தது கை கொடுத்தது. கேம் எழுதியவர்களில் ஒரே தளத்தோடு நிற்காதவர்கள் தப்பினார்கள். ஆண்டி டேவிட்சன் என்ற இளைஞர் அமிகாவில் பிளிட்ஸ் பேசிக் மொழியில் ஒரு விளையாட்டு எழுதி, ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பித் தோற்றார். பின்னர் அதை டீம்17 நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1995-ல் வெளியானபோது கமடோர் இல்லை. ஆனால் பிசிக்கும் கேம் மெஷின்களுக்கும் சேர்த்தே வெளியிட்டதால் வோர்ம்ஸ் உலகப்புகழ் பெற்றது. அமிகாவுக்கு மட்டும் என்று இருந்திருந்தால் அந்த விளையாட்டும் கமடோரோடு போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1985-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அமிகாவுக்காக ஐஎஃப்எஃப் என்ற கோப்பு வடிவத்தை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டது. ஆப்பிளின் ஏஐஎஃப்எஃப் ஒலிக்கோப்பு அதன் மேல் கட்டப்பட்டது. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-ல் அதே மாதிரியில் ஆர்ஐஎஃப்எஃப் உருவாக்கின. நாம் எல்லோரும் பயன்படுத்தும் வேவ் கோப்பு அந்த வகைதான். மெஷின் போய்விட்டது, எல்லோருக்கும் திறந்து வைத்த கோப்பு வடிவம் மட்டும் இன்று வரை வாழ்கிறது.

முடிவாக...

அமிகாவா அட்டாரியா என்று சண்டை போட்டவர்கள் எத்தனை நிறம், எத்தனை தடம், எவ்வளவு வேகம் என்று ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீடு தவறில்லை. ஆனால் அது முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு மட்டுமே பயன்பட்டது. அதற்குப் பிறகு அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானித்தவை வேறு கேள்விகள். இந்த மெஷினை ஒருவர் மட்டும் தயாரிக்கிறாரா, பலரா? நிர்வாகம் லாபத்தில் ஒரு பங்கை அடுத்த தலைமுறை சிப்புக்குச் செலவிடுகிறதா? நாளை வெளியேற வேண்டி வந்தால் என் வேலையை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

அதற்காக, அமிகா வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. டண்டீயில் இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டுபோய் அமிகாவில் போட்ட மனிதருக்கு அந்தப் பெட்டியின் மதிப்பு சில வருடங்களில் பூஜ்யமாகிவிட்டது உண்மை. ஆனால் அதில் கற்றுக்கொண்டது பூஜ்யமாகவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊர். அங்கே 1980-களில் ஒரு மாணவர் புரோகிராம் எழுதிக் கொடுத்த ஒரு அமிகா, 2015-லும் 19 பள்ளிக்கூடங்களின் ஹீட்டரையும் ஏசியையும் இயக்கிக் கொண்டிருந்தது செய்தியானது. தயாரித்த கம்பெனி மூடி அப்போது 21 வருடங்கள் ஆகியிருந்தன. பழுதானால் உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம், மாற்றுவதற்கோ பெரும் செலவு. அதனால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல பொருளை வாங்கியதன் லாபமும், ஒரே கம்பெனியை நம்பியதன் நஷ்டமும் அந்த ஒரே பெட்டிக்குள் அடக்கம்!